பள்ளத்தில் தேங்கும் குளிர்



வாடைக் காற்று ஓய்ந்து, வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும் தை மாதத்து விடியற்காலையில், யாழ்ப்பாணத்து நல்லூரிலே ஒரு வளவுக்குள் கூட்டிய சருகுக்கு நெருப்பு மூட்டினால், அந்தப் புகை நேரே ஆகாயத்தை நோக்கிச் செல்லாமல், மாமரத்தின் உயரம்வரை எழும்பி, கண்ணுக்குத் தெரியாத கூரையொன்றில் முட்டியது போலப் படிந்து, ஒழுங்கை நெடுகப் பரவுவதை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். அவ்வேளையில் கந்தசுவாமி கோவில் மணியோசையும் பகலிற் கேளாத தூரத்துக்குத் தெளிவாகக் கேட்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இரவு முழுதும் பூமி தன் உஷ்ணத்தை வானத்தை நோக்கி விட்டுக் குளிர்வதனால், அதனைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல் அமர்ந்து, புகையை ஏறவிடாது தடுத்து, ஓசையைக் கீழ்நோக்கி வளைத்து அனுப்புகிறது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குறைவதே காற்றின் சாதாரண சுபாவம். அது மாறி நிற்கும் இந்நிலையை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பர்.

நமக்கு இது ஒரு விநோதம். மலைநாட்டார்க்கு ஜீவனப் பிரச்சினை.

நானுஓயாவில் புகைவண்டியை விட்டிறங்கி நுவரெலியாவுக்குச் செல்லும் நம்மவர், மேலே ஏற ஏறக் குளிர் மிகும் என்றே நம்புகின்றனர். பகலில் அது உண்மை. ஆனால் 6,000 அடிக்கு மேற்பட்ட அந்த நகரமோ, இலங்கையின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலையின் அடியில் மலைகள் சூழ்ந்த கிண்ணம்போற் கிடப்பதாகையால், தை மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில், சரிவுகளிலே குளிர்ந்து கனத்த காற்று தண்ணீரைப் போல இறங்கிவந்து, அப்பள்ளத்திற் குளமாகத் தேங்கிவிடுகிறது. நிலத்திலிருந்து நாலடி உயரத்தில் மரக்கூட்டுக்குள் இருக்கும் வெப்பமானி 3 பாகை காட்டும்போதே, புல்லின் நுனி உறைநிலைக்குக் கீழே சென்று, தரை சுண்ணாம்பு தூவியது போல வெளுத்துவிடும். அவ்வாறு உறைந்த தேயிலைக் கொழுந்தின்மேல் காலை வெயில் விழுந்தால், அது தீப்பட்டதுபோலக் கருகும். அதே தோட்டத்திற் சற்று மேலே, சரிவில் நிற்கும் செடிகளோ பசுமை குன்றாதிருக்கும். கொழுந்து கருகினால், கூடை நிறையாது வீடு திரும்புகின்றவர்கள் லயத்துப் பெண்களே. தேயிலையின் விலையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் அவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு என்பது என் மனத்தை நெடுநாளாக உறுத்துகிறது.

ஹோட்டன் சமவெளியில் இயற்கையே இக்கணக்கைத் தரையில் எழுதிவைத்திருக்கிறது: மேட்டிலும் சரிவிலும் காடு, உறைபனி தேங்கும் தாழ்வுகளில் புல்வெளி. உதகமண்டலத்துத் தோட்டக்காரர் தாவகை என்னும் செடியின் தழையைக் கொண்டு இளந்தேயிலையை மூடுவதும், சூரியோதயத்துக்கு முன்னரே நீர் தெளித்துப் பனியைக் கழுவுவதும் இந்த அறிவினாலேயே. அத்தழையைப் போலவே, பூமி விடும் உஷ்ணத்தைத் தடுத்து மீண்டும் பூமிக்கே திருப்பும் போர்வை மேகம். ஆகவேதான், நட்சத்திரங்கள் நிறைந்த வானத்தைக் கண்டு நாம் இங்கே முற்றத்திற் பாய் விரித்து மகிழும் அதே இரவில், மலைநாட்டிலே பள்ளத்து மரக்கறித் தோட்டக்காரர் வெளியே வந்து, ஒரு மேகமாவது வராதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.