கருவூலப் பணியும் நம் இளைஞரும்

(தேவதானத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

கருவூலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, வட்டத் தலைநகரில் உள்ள அரசின் சார்நிலைக் கருவூலமே. நான் இன்று பேச வந்திருப்பதோ பெரிய தொழில் நிறுவனங்களுக்குள் இயங்கும் கருவூலத்தைப் பற்றி. அலுவலகங்களில் அதனை 'ட்ரெஷரி' என்றே அழைப்பர். முப்பது ஆண்டுகள் அத்துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அப்பணி யாது என்பதை நம் ஊர்க் கண்மாயைக் கொண்டே விளக்கலாம். சாஸ்தா கோவில் மலையிலிருந்து இறங்கும் நீர் கண்மாயில் சேர்கிறது. எவ்வளவு நீர் இருக்கிறது, எந்த வயலுக்கு என்றைக்குப் பாய்ச்ச வேண்டும், கடைமடைக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிட்டு மடையைத் திறந்தவர் நீர்ப்பாய்ச்சி. தென்மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் அப்பொறுப்பை ஏற்றிருந்தவர்கள் நம் முன்னோரே. நீர் அவர்களுடையதன்று, நிலமும் அவர்களுடையதன்று. ஆயினும் அவர்களுடைய கணக்குத் தவறினால் ஊரின் பயிர் வாடும். நிறுவனத்தின் கருவூல அலுவலர் செய்வதும் அதுவே. அவர் காப்பது பணத்தின் வரத்தையும் போக்கையும்.

அருகிலுள்ள இராசபாளையத்தைப் பாருங்கள். பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் 1936இல் இராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்த பின் அவ்வூர் நூற்பாலைகளின் ஊராயிற்று. பருத்தி ஆண்டு முழுதும் ஒரே அளவில் சந்தைக்கு வருவதில்லை; அக்டோபரில் தொடங்கும் பருவத்தின் முதற்பாதியிலேயே பெரும்பகுதி வந்துவிடுகிறது. ஆலை அப்பொழுதே வாங்கி இருப்பு வைக்க வேண்டும். நூல் விற்ற பணமோ வாரங்கள் கழித்தே வந்து சேரும். இடையில் சம்பளம், மின்கட்டணம், வரி ஆகியவை காத்திரா. இந்த இடைவெளியை எந்த வங்கியில், எவ்வளவு வட்டிக்கு, எத்தனை நாளுக்குக் கடன் வாங்கி நிரப்புவது என்பதே கருவூலத்தின் முதல் வினா.

நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கி என்னைப் படிக்க வைத்தவர் என் தாயார். அது ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ஆகிறது என்பதைக் கல்லூரிக்குச் சென்ற பிறகே நான் கணக்கிட்டு உணர்ந்தேன். ஒரு நிறுவனமோ கால் விழுக்காட்டைக் குறைக்க வங்கியுடன் வாதாடுகிறது. நூறு கோடிக் கடனில் கால் விழுக்காடு என்பது ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாய். பத்துக் கோடி ரூபாய்க்கு 9 விழுக்காடு வட்டி எனில் ஒரு நாள் வட்டி மட்டும் ஏறக்குறைய 24,650 ரூபாய். வரவேண்டிய பணம் ஒரு நாள் தாமதித்தால் நேரும் நட்டம் அது. கூலி ஒரு நாள் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நேரும் என்று அறிந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்பாடத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அயல்நாட்டு வாணிகத்தில் இன்னொரு பொறுப்புச் சேர்கிறது. சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணியை ஒருவர் ஓர் இலட்சம் டாலருக்கு ஏற்றுமதி செய்து, பணம் 90 நாளில் வரும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் டாலரின் மதிப்பு ஒரு ரூபாய் இறங்கினால் அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் குறையும். இதனைத் தவிர்க்க, பின்னாளில் வரும் டாலரை இன்றே உறுதி செய்த விலைக்கு வங்கியிடம் விற்க ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எவ்வளவுக்குச் செய்வது, எவ்வளவைத் திறந்துவிடுவது என்று தீர்மானிப்பதும் கருவூலப் பணியே.

நாணயமும் நிதியும் நமக்கு அயலான துறைகள் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. ரூபாயின் வாங்கும் ஆற்றல் நிலையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இந்திய நாணயம் பற்றி ஆராய 1925இல் அமைக்கப்பட்ட ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் அவர் சான்றளித்தார். நம் காலத்தில் நரேந்திர ஜாதவ் அவர்கள் ரிசர்வ் வங்கியில் பொருளியல் அறிஞராக உயர்ந்து, பின்னர்த் திட்டக்குழு உறுப்பினராகவும் விளங்கினார்.

இனி, இனிப்பில்லாத செய்தி ஒன்று. நான் முதன்முதலில் வேலை கேட்டுச் சென்ற நிறுவனத்தில், என் மதிப்பெண்களைக் கண்டு மகிழ்ந்த அதிகாரி, "தேவதானத்தில் எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். "தகவல் அனுப்புகிறோம்" என்றார். இன்றுவரை வரவில்லை. பிறகு சென்ற இடத்தில், மூன்று மாதமாகப் பொருந்தாமல் கிடந்த வங்கிக் கணக்கை என்னிடம் கொடுத்தார்கள். மாலைக்குள் பிழையைக் கண்டுபிடித்தேன். மறுநாள் முதல் வேலை. திறமையிருந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. ஆனால் பணத்தின் கணக்கு ஒட்டாத இடத்தில், அதை ஒட்டவைப்பவனைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே தொடக்கத்தை எளிதாக எண்ணாதீர்கள். மேல்நிலை வகுப்பில் படிக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலே இத்துறையின் அரிச்சுவடி. பி.காம். முடித்தபின் பட்டயக் கணக்கர் தேர்வையோ, செலவுக் கணக்கர் தேர்வையோ, நிதியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட மேலாண்மைப் படிப்பையோ நோக்குங்கள். கணிப்பொறியில் நாள்வாரி வரவு செலவு முன்மதிப்பீடு போடப் பழகுங்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தைப் பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்த எனக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன, அதில் வெட்கமில்லை.

நேர்மையைத் தனியே சொல்ல வேண்டும். இத்துறையில் பணத்தை அனுப்ப ஆணையிடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், கணக்கெழுதுபவர் மற்றொருவராக இருக்க வேண்டும். இலண்டனில் 1762இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கி 1995இல் வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் வாணிகம் செய்தவரிடமே கணக்கை முடிக்கும் பொறுப்பும் இருந்தது. நட்டத்தை அவர் மறைத்துவைத்தார். எவ்வளவு நெருங்கியவர் வேண்டினாலும், இரண்டாம் கையொப்பமின்றி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். நம்மீது ஐயம் கொள்ளக் காத்திருப்போர் உள்ள இடத்தில் அவ்விதிதான் நமக்குக் கவசம்.

இறுதியாகக் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பட்டயக் கணக்கர் படிப்பைக் கைவிடுவது பெரும்பாலும் அறிவுக் குறைவினால் அன்று. 2023இல் வந்த புதிய திட்டப்படி, தணிக்கையாளரிடம் பயிற்சி பெறும் காலம் இரண்டு ஆண்டு. அக்காலத்தில் கிடைக்கும் தொகை வெளியூரில் தங்கி உண்ணவே போதாது. வீடோ வருவாயை எதிர்பார்த்திருக்கும். அங்கேதான் அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். தாட்கோ போன்ற நிறுவனங்களின் உதவிகளைக் கேட்டுப் பெறுவதோடு, இவ்வெள்ளி விழாவின் நினைவாகச் சுழல்நிதி ஒன்றை நாமே தொடங்குவோம். வட்டியின்றிக் கொடுப்போம், வேலை கிடைத்தபின் தவணையாகத் திருப்பிச் செலுத்தட்டும், அப்பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். என் பங்காக இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தலைவர் அவர்களிடம் இன்று ஒப்படைக்கிறேன்.

அந்நிதியின் கணக்கை இங்கு வணிகவியல் படிக்கும் இளைஞர் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, எழுதட்டும். மாதந்தோறும் பெரியவர்கள்முன் படித்துக் காட்டட்டும். நாளை பெரிய நிறுவனத்தின் கருவூலத்தில் அமரப்போகிறவர்கள், முதலில் நம் கழகத்தின் கருவூலத்தில் கைபழகட்டும்.