அவசரமும் அவசியமும்

(பொன்விழாக் கூட்டத்தில் இளம் வியாபாரிகள் சார்பில் ஆற்றிய உரை)





முக்கியமான காரியங்களில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று சில வார்த்தை பேசும்படி பொன்விழாக் குழுவினர் பணித்தார்கள். பெரியவர்கள் முன்னிலையில் புத்தி சொல்ல நாங்கள் வரவில்லை. கடைத்தெருவில் நாம் எல்லோரும் அன்றாடம் காண்பதையே பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

வாழ்க்கையில் முக்கியமானவை எவை என்று கேட்டால் நம்மில் யாரும் தயங்க மாட்டோம். தொழுகை, பெற்றோர், பிள்ளைகளின் படிப்பு, கடன் சுமை இல்லாத வியாபாரம், ஆயுளில் ஒரு ஹஜ்ஜு. இதில் குழப்பம் இல்லை. ஆனால் கடை திறந்ததும் நடப்பது வேறு. சரக்கு லாரி வந்து நிற்கும். வேலைக்கு ஆள் வந்திருக்காது. கைப்பேசி ஓயாமல் அழைக்கும். இரவு கடையைப் பூட்டும்போது அவசரமானவை எல்லாம் முடிந்திருக்கும். அவசியமானவை தொடாமல் கிடக்கும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறோம். நாளைக்கும் அதே கடை, அதே லாரி.

நம் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் லியோங் சூன் சூங் என்ற சீனக் கட்டடக் குத்தகையாளர் கட்டியது. வெளியே பார்த்தால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றே மாடி. வெளியூர்க்காரர்கள் அதன் சாய்வைப் படம் பிடிக்க வருகிறார்கள். ஆனால் அது கட்டப்பட்டது இரண்டு தேவைகளுக்காக. வறட்சி வந்தாலோ தீப்பிடித்தாலோ ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று உள்ளே தொட்டி வைத்தார்கள். ஊர் நேரம் அறிய லண்டனில் செய்த கடிகாரம் வைத்தார்கள். தீப்பிடித்த பிறகு தொட்டி கட்ட முடியாது. ஆபத்து இல்லாத நாளிலேயே தண்ணீரைச் சேர்த்தாக வேண்டும். முன்னேற்பாடு என்பது அவ்வளவுதான்.

முன்னேற்பாட்டுக்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கம்பத்து மக்கள் ஹஜ்ஜுக்குப் போவதற்கு நிலத்தை விற்றார்கள், மாட்டை விற்றார்கள். வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கம் போகாமல் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள். பினாங்கில் கப்பலேறிப் போய் ஹாஜியாகத் திரும்பி வந்தபோது, உழுது பிழைக்க நிலம் இருக்கவில்லை. பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் இதைக் கண்டு, 1959இல் ஒரு திட்டத்தை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார். வட்டி கலக்காமல், சிறுகச் சிறுகச் சேமித்து ஹஜ்ஜுக்குப் போகும் வழி அது. 1963 செப்டம்பரில் அந்தச் சேமிப்பு நிறுவனம் வேலையைத் தொடங்கியபோது பணம் போட்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அதுவே இன்று பல லட்சம் பேர் சேமிக்கும் தாபுங் ஹாஜி. ஹாஜிகளின் நிய்யத்து அன்றும் உறுதியாகத்தான் இருந்தது. குறைவாக இருந்தது முன்னேற்பாடு ஒன்றுதான்.

இன்று ஹஜ்ஜுக்குப் பெயர் பதிய வேண்டுமானால் தாபுங் ஹாஜி கணக்கில் 1,300 ரிங்கிட் இருக்க வேண்டும். ஜும்ஆவுக்கு ஜும்ஆ பத்து ரிங்கிட் போட்டால் 130 வாரத்தில், அதாவது இரண்டரை ஆண்டில் அது சேர்ந்துவிடும். பத்து ரிங்கிட் நமக்குப் பெரிய தொகை அல்ல. ஆனால் பெயர் பதிந்தவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டிய நிலை இப்போது இருக்கிறது. ஐம்பது வயதில் பதிபவருக்கு, உடம்பில் தெம்பு இருக்கும்போதே முறை வருமா என்பதை அல்லாஹ்வே அறிவான். எங்கள் வயதுக்காரர்கள் "வியாபாரம் கொஞ்சம் நிலைக்கட்டும்" என்கிறார்கள். தம்பிமார்களே, வியாபாரம் நிலைக்கட்டும். அந்தப் பத்து ரிங்கிட் அதுவரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் பெயரிலும் இன்றே கணக்குத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது கொடுக்கல் வாங்கல். நம் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் 555 புத்தகம் இல்லாத கடை உண்டா? யாருக்குக் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம் என்பதெல்லாம் அதில்தான். அதைக்கூட ஒழுங்காக எழுதாமல் "எல்லாம் மனசில் இருக்கிறது" என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சடைந்துகொள்ள வேண்டாம் என்று அது நமக்குக் கட்டளையிடுகிறது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, "என் தகப்பனார் யாருக்காவது கடன் பாக்கி வைத்திருந்தால் எங்களிடம் கேளுங்கள்" என்று சொல்வதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தகப்பனார் எழுதி வைத்திருந்தால் அந்தப் பிள்ளை தைரியமாக நின்று சொல்வான். எழுதாமல் போயிருந்தால், யார் வந்து எவ்வளவு கேட்பார்களோ என்று கலங்கி நிற்பான். வரவேண்டிய பணமும் வராது. முப்பது வருடம் நடந்த கடை மூன்று மாதத்தில் மூடப்படுவது இப்படித்தான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேனா பிடித்திருந்தால் அந்தக் குடும்பம் தப்பியிருக்கும்.

எங்களில் சிலர் பாலிடெக்னிக் பட்டறையில் படித்தவர்கள். இயந்திரத்தை முடுக்குமுன் எண்ணெயைப் பார், பெல்ட்டைப் பார், மரையாணியைத் தொட்டுப் பார் என்பது அங்கே முதல் பாடம். ஐந்து நிமிட வேலை. அதை ஒரு நாள் விட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததால்தான் மறுநாளும் விடத் தோன்றுகிறது. பிறகு வேலை மும்முரமாக நடக்கும் ஒரு நாளில் இயந்திரம் நின்றுவிடும். குடும்பமும் வியாபாரமும் அப்படியே.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். நமக்கு ஐந்து வக்தும் நாளைப் பகுத்துத் தந்துவிட்டன. நாம் செய்ய வேண்டியது, ஒவ்வொரு சிறு காரியத்தையும் ஒரு வக்தோடு முடிந்து வைப்பதுதான். சுப்ஹுக்குப் பிறகு பத்து நிமிடம் முதல் நாள் கணக்கு. மஃரிபுக்குப் பிறகு கால் மணி நேரம் பிள்ளைகளோடு. கடையில் இருப்பவர்கள் கைப்பேசியிலாவது அவர்களை அழைத்து, பள்ளியில் என்ன படித்தார்கள் என்று கேட்கலாம். இஷாவுக்குப் பிறகு, கடை பூட்டுமுன், நாளை கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்று காரியங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்லாவில் வைக்கலாம். காலையில் லாரி வருமுன் அந்தத் தாள் நம் கண்ணில் படும். ஜும்ஆ அன்று அந்தப் பத்து ரிங்கிட். தொழுகை தவறாதவருக்கு இவையும் தவறாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ரமலானில் கிளம்பும் வேகம் ஷவ்வாலில் அடங்கிவிடுவதை நாம் அறிவோம். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒன்றைப் பிடிப்போம். அது பழகியபின் அடுத்ததைச் சேர்ப்போம்.

நம் சங்கமும் ஒரே நாளில் ஐம்பது வயதை எட்டவில்லை. மாதச் சந்தாவைத் தவறாமல் வசூலித்தவர்களும், கணக்கை எழுதியவர்களும், கூட்டம் முடிந்த பின் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனவர்களும் வளர்த்த சங்கம் இது. அவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் செய்த சிறு பணிகளைக் கைமாற்றி வாங்கிக்கொள்ள எங்கள் தலைமுறை ஆயத்தமாக இருக்கிறது என்று இம்மேடையில் உறுதி கூறுகிறோம்.

கேட்டதைச் செயலில் கொண்டுவரும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.