உறுப்பும் வினையும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத் தச்சுச் சொற்கள்

தச்சுத் தொழிலின் சொற்களைத் தொகுக்கப் புகுவோர் பெரும்பாலும் பொருத்துகளின் பெயர்களையே முதலில் தேடுகின்றனர். பாடநூல்கள் அவ்வாறு பழக்கியிருக்கின்றன. ‘புறாவால் இணைப்பு’ போன்று மொழிபெயர்ப்பில் பிறந்த பெயர்கள் அந்நூல்களில் வரிசையாக நிற்க, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எம்.ரெட்டியபட்டியைச் சூழ்ந்த மானாவாரி நிலத்துச் சிற்றூர்களில் வண்டியும் கலப்பையும் செய்துவந்த ஆசாரிகளின் பேச்சில் பெயர் பெறுவன பெரிதும் பொருளின் உறுப்புகளே. பொருத்து அங்கே வினைச்சொல்லாக வழங்குகிறது. நாக்கை இறக்குவது, கட்டையைக் கோப்பது, ஆப்பு அடிப்பது, பூண் ஏற்றுவது என்று செயல்தான் சொல்லப்படுகிறதேயன்றி, அச்செயலால் விளைந்த கூட்டுக்குத் தனிப்பெயர் அருகியே வருகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் பெயர்ச்சொற்களை மட்டும் திரட்டும் தொகுப்பு, தொழிலின் பாதியை வெளியே விட்டுவிடுகிறது.

இதற்குத் தக்க சான்று கட்டை வண்டியின் சக்கரம். நடுவில் அச்சைத் தாங்கும் பருத்த உருளைக் கட்டைக்குக் குடம் என்று பெயர். அதிலிருந்து கதிர்போல் விரிவன ஆரக்கால்கள். அவற்றின் தலையில் வளைந்து அமர்ந்து வட்டத்தை நிறைவு செய்யும் மரத்துண்டுகள் வட்டைகள். பொதுவாக ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால்கள் என்பது கணக்காதலால், 12 ஆரக்கால் கொண்ட சக்கரத்துக்கு 6 வட்டைகள் வேண்டும். ஆரக்காலின் இரு நுனிகளும் நாக்காகச் செதுக்கப்பட்டு, ஒன்று குடத்தில் வெட்டிய துளையிலும் மற்றொன்று வட்டையின் துளையிலும் இறங்கும். வட்டைக்கு வட்டை மரமுளையால் கோக்கப்படும். வட்டைகளுக்கு மேலே வரும் இரும்பு வளையம் பட்டா எனப்படும். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகச் செய்யப்படும் இப்பட்டாவைக் கொல்லர் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் ஏற்றியவுடன் தண்ணீரை ஊற்றுவர். குளிர்ந்து சுருங்கும் இரும்பு வட்டைகளை நெருக்க, வட்டைகள் ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்த, அதுவரை தளர்வாக இருந்த எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. பசையோ ஆணியோ இல்லாத இந்தக் கட்டமைப்பில் எந்த ஒரு பொருத்தையும் தனியே பிரித்துப் பெயரிட இயலாது என்பது கவனிக்கத்தக்கது. பட்டா ஏற்றுதல் என்னும் ஒரே வினை அத்தனை கூட்டுகளுக்கும் பெயராகிவிடுகிறது.

மழை குறைந்து வெயில் மிகுந்த நிலம் இச்சொற்களுக்குக் கூடுதல் பொருளைத் தருகிறது. மரம் தன் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. குறுக்கே சுருங்கும்போதும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே கோடையில் வட்டை வற்றிப் பட்டா கழன்றாடுவது இயல்பு. சக்கரத்தை ஊருணித் தண்ணீரில் ஊறவைப்பது அதற்கு உடனடி மருந்து. அடங்காவிடில் பட்டாவை வெட்டிச் சுருக்கி மீண்டும் காய்ச்ச வேண்டும். ஆப்பு என்னும் சொல் உழவர் வீடுகளிலும் பழக்கமாக இருப்பதற்கும் காரணம் இதுவே. கலப்பையில் கையால் பிடிக்கும் மேழி, நுகத்தோடு சேரும் நீண்ட ஏர்க்கால், மண்ணைக் கிழிக்கும் இரும்புக் கொழு ஆகியன ஆப்பினால் இறுக்கப்பட்டவை. உழும்போதே தளரும் ஆப்பை அடிக்க எந்தச் சம்சாரியும் ஆசாரியை அழைத்துவரக் காத்திருப்பதில்லை. இவ்வாறு உறுப்புகளின் பெயர்கள் ஊரார் எல்லோருக்கும் பொதுவாக, அளவையும் செதுக்கு முறையையும் சுட்டும் சொற்களே பட்டறைக்குள் தங்கின.

சக்கரத்துக்குத் தமிழில் எப்போதும் தனி மதிப்பு இருந்திருக்கிறது. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வலிமைக்கு உவமை தேடும்போது, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முழுதும் கருதிச் செய்த ஒற்றைத் தேர்க்காலைக் காட்டுகிறார். கால் என்பது அங்கே சக்கரம். ஒரு நாளில் எட்டுத் தேர் என்பது புலவரின் மிகையாகலாம். ஆயினும் தேரின் ஏனைய உறுப்புகளைவிடச் சக்கரமே கைத்திறனின் உரைகல் என்னும் கணிப்பில் மிகையில்லை.

மரத்தைப் பற்றிய சொற்களும் இதே பயன்பாட்டு நோக்கில் அமைந்தவை. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் கொண்டவற்றை மரமென்றும் புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல்லென்றும் பிரிக்கிறது. அவ்வகையில் பனை புல்லினத்தைச் சாரும். இலக்கண மாணவருக்கு விந்தையாகத் தோன்றும் இப்பகுப்பு, பனையைப் பிளக்கும் தச்சருக்கு அன்றாட அறிவு: ஓட்டு வீட்டின் சாய்கூரைக்குப் பனங்கைகளை அறுக்கும்போது அவர் புறவயிரத்தைக் காத்து உட்சோற்றைக் களைகிறார், கருவேலத்தில் வண்டிக்குடம் கடையும்போது வெளிப்புற வெள்ளை மரத்தைத் தள்ளி உள்வயிரத்தை எடுக்கிறார். வண்டிக்கும் கலப்பைக்கும் நாட்டுக் கருவேலமே உகந்ததெனப்பட்டது. கண்மாய்க்கரைகளில் வளர்ந்த அம்மரத்தின் இடத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்துக்கு வந்த சீமைக்கருவேலம் பெருமளவு பிடித்துக்கொண்டது. அது இவ்வட்டாரத்தில் உளிக்குப் போவதைவிடக் கரிமூட்டத்துக்குப் போவதே மிகுதி.

கருவிகளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. கட்டையைக் கொத்திச் செதுக்கும் வாய்ச்சி, உளியைத் தட்டும் மரச்சுத்தியலாகிய கொட்டாப்புளி, துளையிடும் துரப்பணம், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் ஆகியன அகராதிகளிலும் உண்டு. இழைப்புளி என்னும் பெயர் மட்டும் ஒரு குறிப்புக்கு உரியது: பலகையை வழவழப்பாக்கும் அக்கருவி, கட்டைக்குள் சாய்வாகச் செருகி ஆழம் கட்டுப்படுத்தப்பட்ட உளியேயன்றி வேறன்று என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது.

அகராதிகளில் இச்சொற்கள் இல்லாமலில்லை, சிதறிக் கிடக்கின்றன. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியும், 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனும் அகரவரிசையில் அமைந்தவையாதலின், வட்டை ஓரிடத்திலும் ஆரக்கால் ஓரிடத்திலும் நிற்க, குடம் என்பது நீர்க்குடத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறது. கரிசல் பேச்சுக்கு முதல் மதிப்பைத் தேடித்தந்த கி. ராஜநாராயணனின் 1982ஆம் ஆண்டு வட்டார வழக்குச் சொல்லகராதியின் நோக்கமும் மக்கள் பேச்சு முழுவதையும் தழுவியதே தவிர, ஒரு தொழிலை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டுவதன்று. 1885இல் கிரியர்சன் பீகார் உழவர் வாழ்வு குறித்து வெளியிட்ட நூல் இதற்கு மாறாகப் பொருளை முன்வைத்து, வண்டியென்றால் வண்டியின் எல்லா உறுப்புகளையும் படத்தோடு ஒருசேரத் தந்தது. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொடங்கிவைத்த தொழிற்சொல் அகராதித் தொகுதிகளுள் வேளாண்மை பற்றிய முதல் தொகுதி 1962இல் வந்தது. களப்பணியில் திரட்டிய வட்டார வேறுபாடுகளை அது பதிவு செய்தது. தெலுங்கும் தமிழும் அருகருகே பேசப்படும் இவ்வட்டாரத்துக்கு அம்முறை பெரிதும் பொருந்தும், ஒன்றைச் சேர்த்துக்கொண்டால்: உறுப்பின் பெயருக்கு எதிரே, அதைச் செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் வழங்கும் வினையும் எழுதப்பட வேண்டும்.

ரப்பர் டயர் வண்டி வந்தபின் பட்டா ஏற்றும் வேலை குறைந்தது; டிராக்டர் வந்தபின் மரக்கலப்பை பரணுக்கு ஏறியது. ஆனால் பொருத்தின் சொற்களைக் கூடுதலாகப் பாதித்தது பிளைவுட் என்றே கொள்ளலாம். மெல்லிய மரத்தகடுகளை இழை குறுக்கிடும்படி ஒட்டிச் செய்த அப்பலகை வெயிலுக்குப் பெரிதாகச் சுருங்குவதில்லை. ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் அதைப் பிடித்துக்கொள்ள, நாக்குக்கும் துளைக்கும் வேலையில்லாமல் போகிறது. வாசல் நிலை இதற்கு விலக்காக நிற்கிறது. நாள் பார்த்து நிலை வைக்கும் வழக்கம் தொடர்வதால், அலமாரியை ஸ்க்ரூவால் முடுக்கும் ஆசாரியே நிலைக்காலின் நுனியில் நாக்கு எடுத்து, மேற்சட்டத்தில் துளை வெட்டி, இரண்டையும் இறக்கிய பின் குறுக்கே முளை அடிக்கிறார். அந்த வேலை நடக்கும் இடத்தில் அவருடைய பேச்சும் பழைய வினைகளிலேயே நடக்கிறது.