ஒரு கால் மட்டும் வீங்கினால் அலட்சியம் வேண்டாம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

உடல்நலம் குறித்துச் சில நிமிடங்கள் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்துள்ளனர். எங்கள் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் பெரியத்தா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பினார். அவரை நாள்தோறும் நடக்க வைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தார். வயதானவரை ஏன் வருத்த வேண்டும் என்று நாங்கள் கட்டிலிலேயே கிடத்தினோம். இரண்டாவது வாரம் இடது கெண்டைக்கால் வீங்கிக் கனத்தது. நீர் இறங்கியிருக்கிறது என்றெண்ணி, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டோம். மறுநாள் விடியலில் மூச்சுத் திணறிய அவர், மருத்துவமனை சென்று சேருமுன் வஃபாத்தானார். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அன்பினால் நாங்கள் செய்த பிழை அது. வேறு எவர் வீட்டிலும் அது நிகழலாகாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

உடல் உறுப்புகளுக்குச் சென்ற இரத்தத்தை இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களைச் சிரைகள் என்கிறோம். காலிலிருந்து இரத்தம் மேலேறத் துணைபுரிவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கையில் அத்தசை சுருங்கி, ஆழத்திலுள்ள சிரைகளை அழுத்தி, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கால் அசையாதபோது ஓட்டம் மந்தமாகிறது. காயத்தாலோ அறுவை சிகிச்சையாலோ இரத்தத்தின் உறையும் தன்மையும் கூடியிருந்தால், அங்கே கட்டி உருவாகிறது. அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

1940ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் குண்டுகள் விழுந்த நாட்களில், பாதுகாப்பு அறைகளில் இரவு முழுவதும் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்களிடையே இத்தகைய திடீர் மரணங்கள் கூடியதை மருத்துவர் கீத் சிம்ப்சன் எடுத்துக்காட்டினார். இது மேலைநாட்டார் நோய் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. ஆனால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து, அங்கே உள்நோயாளிகளாகச் சேர்ந்த பத்தாயிரம் பேரில் சுமார் 17 பேருக்கு இந்நோய் உறுதியானதைக் கண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அறுவை சிகிச்சைக்கு உட்படாதவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

எனவே யார் யார் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்?

முதலாவதாக, எலும்பு முறிந்தோரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும். மருத்துவர் அனுமதித்த அன்றே அவர்களை எழுப்பி நடக்க வையுங்கள்.

இரண்டாவதாக, கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மார்களும். பேறுகாலத்திற்குப் பிந்தைய ஆறு வாரங்களில் இந்த ஆபத்து மிகுதி. நம் வீடுகளில் நாற்பது நாள் ஓய்வு தருவதும் ஏறக்குறைய அதே காலம்தான். ஓய்வு நல்லது, எழாமலே படுத்திருப்பது நல்லதன்று.

மூன்றாவதாக, நெடும்பயணம் செல்வோர். உம்ரா செல்பவர் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஏழெட்டு மணி நேரம் பேருந்திலும், பின்னர் ஜித்தாவரை விமானத்திலும் அமர்ந்தே செல்கிறார். இடையிடையே எழுந்து நடத்தல் வேண்டும். இருக்கையிலும் பாதங்களை மேலும் கீழும் அசைத்தல் வேண்டும். பயணத்திற்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளிலும் சில, இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. ஆகவே, சகோதரிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கி உட்கொள்ளலாகாது.

புற்றுநோய் உள்ளோர், உடல் பருத்தோர், புகைப்போர், குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் கண்டோர் ஆகியோரும் கவனமாக இருத்தல் வேண்டும். கடைக் கல்லாவிலும் பூட்டுப் பட்டறையிலும் தையல் இயந்திரத்திலும் நாளெல்லாம் அமர்ந்திருப்போர், மணிக்கொரு முறையேனும் எழுந்து நடப்பது நலம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாகி, நிறம் மாறினால் அதை நீவாதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீக்கமெல்லாம் இரத்தக்கட்டியாகிவிடாது, டாப்ளர் ஸ்கேன் உண்மையைக் காட்டிவிடும். கட்டி என்று தெரிந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியும் மாத்திரையும் உண்டு. பெரும்பாலும் மூன்று மாதங்களேனும் அவை தேவைப்படும். வீக்கம் வடிந்துவிட்டது என்று நாமாக நிறுத்தலாகாது. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் ஊரிலேயே உள்ளது.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஹஜ், உம்ரா செல்வோருக்கு நடத்தும் விளக்கக் கூட்டங்களில் இச்செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும் நாமும், "நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள்" என்று சொல்லி வருவதோடு நில்லாமல், "இன்று எத்தனை முறை நடந்தீர்கள்?" என்றும் கேட்போமாக.

அனைவருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.