எல்லாருக்கும் திறந்த வானம்

புனேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகே, கோடத் கிராமத்துக்குப் போனால் வயல்களுக்கு நடுவே பிரம்மாண்டமான கிண்ணங்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். மெல்லிய எவர்சில்வர் கம்பி வலையால் ஆனதால், காற்று ஊடே புகுந்து போய்விடும். இப்படி 30 ஆன்டெனாக்கள் சேர்ந்ததுதான் ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கி.

2010 முதல் 2012 வரை இது வானத்தின் சுமார் 90 சதவீதத்தை அலசியது. அந்தத் தரவுகள் பொதுக் காப்பகத்தில் வைக்கப்பட்டன. வேறொரு குழு அவற்றை எடுத்துப் புதிய முறையில் கணக்கிட்டு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வானொலி மூலங்களின் பட்டியலை 2017-ல் இலவசமாக வெளியிட்டது.

இந்தத் தரவுகளைப் போலவே, மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த அறிவு, ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட முடியாத சிற்றூர்க் கல்லூரி மாணவிக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த கண்டுபிடிப்பு அவளுடையதாகவும் இருக்கலாம்!