ஊரும் உரிமையும்: தோட்டத் தமிழர் வாழ்வும் நூல்களும்

(திருவிழாச் சிறப்புக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மனிதன் இரண்டு வேண்டுதல்களுடன் வாழ்கிறான். ஓர் ஊருக்கும் ஒரு கூட்டத்துக்கும் உரியவனாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. யாருக்கும் தலை குனியாமல் தன் விருப்பப்படி வாழ வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைச் சமுதாயம் தருகிறது. பின்னதைச் சமுதாயம் சில வேளைகளில் பறித்துக்கொள்கிறது. வள்ளுவப் பெருந்தகை 'நாடு' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'குடிசெயல்வகை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவற்றோடு 'மானம்' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாடும் குடியும் இல்லாத மானம் வேரற்றது. மானம் இல்லாத குடி உயிரற்றது. இவ்விரண்டும் ஒருங்கே கிட்டாமல் தவித்த ஒரு மக்கட் கூட்டத்தின் கதை, சி ரூசாவையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பெரியவர்களுக்குப் புதிதன்று. அது தோட்டத் தமிழரின் கதை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1891ஆம் ஆண்டில். அதன்பின் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகள் வழியாகவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1910இல் ஒப்பந்த முறை நின்றது. 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் கங்காணி முறையும் முடிவுக்கு வந்தது. வந்தவர்களுக்குத் தோட்டமே உலகமாயிற்று. விடியுமுன் பிரட்டு, விடிந்ததும் நிரையில் பால்வெட்டு, நண்பகலில் பால் நிறுவை, மாலையில் லயத்து வாசல். பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை, ஆடவருக்குக் கள்ளுக்கடை, அனைவருக்கும் ஒரு மாரியம்மன் கோயில். ஒருவர் வீட்டு நன்மையும் தீமையும் ஊரார் அனைவருக்கும் உரியவையாக இருந்தன. அந்த அளவில் தோட்டம் ஓர் உறவுக்கூடம் என்பதில் ஐயமில்லை.

எனினும் அந்த உறவுக்கூடத்தின் சுவர்கள் தொழிலாளருக்குச் சொந்தமானவை அல்ல. வேலை போனால் வீடும் போகும். உறவினர் வந்து தங்கவும் நிருவாகத்தின் இசைவு வேண்டும். பிள்ளைகளின் படிப்பும் தோட்டத்துப் பள்ளியின் சில வகுப்புகளோடு முடிந்துவிடும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மைதான். ஆயினும் அப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் மீண்டும் பால்வாளியையே ஏந்தினர். உரியவராக இருந்தனர், உரிமையுடையவராக இல்லை.

இந்த நிலையில் எழுத்து என்ன செய்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாத பலர் சுற்றியிருந்து கேட்பர். இவ்வாறு ஒரு தாள் பல செவிகளுக்குப் பயன்பட்டது. தன் லயத்தில் நடப்பது அயல் தோட்டத்திலும் நடக்கிறது என்பதைத் தொழிலாளர் அறிந்தது இந்தத் தாள்களால்தான். துன்பம் தன் தலைவிதி அன்று, அது பலருக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு என்று அறியும் பொழுதே விடுதலை உணர்வின் முதல் முளை வெளிப்படுகிறது.

அதன் விளைவை 1941ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் பத்திரிகைத் துறையினர் என்பது கருதத்தக்கது. தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் இன்றும் படித்துணரத்தக்கவை. ஊதிய உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதற்கு ஒரு முடிவு ஆகியவற்றைக் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுமாறு கேட்டனர். பேசவும் கூடவும் உரிமை கேட்டனர். உற்றார் உறவினர் தடையின்றி வந்துபோக வழி கேட்டனர். இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர்: துரையோ கிராணியோ எதிரில் வரும்பொழுது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது.

அன்புடையீர், இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிதிவண்டியிலிருந்து இறங்குவதால் ஒருவருக்குக் காசு நட்டமில்லை. உடம்பில் காயமும் இல்லை. ஆயினும் அவர்கள் அதனைக் கூலி உயர்வோடு ஒப்ப வைத்துக் கேட்டனர். வள்ளுவர் 'மானம்' என்று பெயரிட்டதை, எழுதப் படிக்க அறியாத தோட்டத்து மக்கள் ஒரு மிதிவண்டியின் மீது அமர்ந்து கேட்டனர். அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். நாதன் கைது செய்யப்பெற்று நாடு கடத்தப்பட்டார். ஆனாலும் அந்தக் கோரிக்கைகள் எழுத்தில் நின்றன. ஆகவேதான் இன்று அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது.

எழுத்தில் நில்லாதவற்றின் கதி யாது? அதற்கும் வரலாற்றிலேயே விடை உண்டு. 1942இல் சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை அமைக்கத் தொடங்கினர். 1943 அக்டோபரில் அது இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பசியாலும் மாண்டவர் மிகப் பலர். அங்கு இறந்த போர்க்கைதிகளாகிய வெள்ளையருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. உயிர் தப்பிய போர்க்கைதிகள் எழுதிய நினைவு நூல்கள் உலகெங்கும் படிக்கப்பட்டன. தமிழ்த் தொழிலாளருக்கோ கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. அரை நூற்றாண்டு கழிந்து 1993இல் ஆர். சண்முகம் அவர்களின் 'சயாம் மரண ரயில்' நாவல் வெளிவந்தது. பின்னர் அ. ரெங்கசாமி அவர்களின் 'நினைவுச் சின்னம்' வந்தது. பெயரின்றிப் புதைந்தவர்களுக்கு ஏட்டில் ஓர் இடம் கிடைத்தது. ஒரு நாவல் கல்லறை ஆக முடியுமா என்று கேட்பாருண்டு. கல் இல்லாதவருக்குச் சொல்லே கல் ஆகும் என்பதுதான் விடை.

போருக்குப் பின் எழுதும் ஆர்வம் பெருகியது. 1950இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோர் 'தமிழ் நேசன்' வழியாகக் கதை வகுப்பு நடத்தினர். தமிழகத்து எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1950களில் அவ்விதழில் பணியாற்றி இளம் எழுத்தாளர்களை நெறிப்படுத்தினார். 1962இல் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. ஆசிரியர்களும் கிராணிமார்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் பேனா பிடித்தனர். பிறர் எழுதித் தம்மைக் காட்டிய நிலை மாறி, தாமே எழுதித் தம்மைக் கண்டனர்.

அதே காலத்தில் மண்ணுக்கு உரியவர் யார் என்ற வினா கூர்மையடைந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. அந்நாளிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் இம்மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே குடியுரிமையைத் தந்தது. முன்னரே பிறந்தவருள் பலரும் வந்து குடியேறியவரும் விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. படிவத்தின் பொருள் அறியாமல் காலத்தைக் கடத்தியவர் பலர். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. வாழ்நாள் முழுதும் பால் வெட்டியவர்களுள் பல்லாயிரவர் கப்பலேறித் திரும்பினர். எழுத்தறியாமை ஒரு மனிதனின் ஊரையே பறித்துவிடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. இலங்கை மலையகத் தமிழரின் துயர் இதனினும் பெரிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டு அரசுகளும் 5,25,000 பேர் ஒரு கரைக்கு, 3,00,000 பேர் மறு கரைக்கு என்று எண்ணிப் பிரித்தன. அம்மக்களின் குரலாக அங்கே சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார்.

இங்கே 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட, தொழிலாளர் தெருவில் நின்றனர். அவர்கள் தாமே நிலத்தை வாங்க வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. கூலிக்கு வந்தவர் நிலத்துக்குப் பங்குதாரர் ஆயினர். இப்பால்மரக் காடுகளை வந்து கண்ட அகிலன் 1970களில் 'பால்மரக் காட்டினிலே' என்ற நாவலை எழுதினார். கெடாத் தோட்டப்புறத்து வாழ்வை அம்மக்களின் மொழியிலேயே சீ. முத்துசாமி 'மண்புழுக்கள்' நாவலில் தீட்டினார்.

இதுவரை கூறியவை பிறரால் நேர்ந்த இன்னல்கள். அவற்றைக் கூறுவது எளிது, கேட்பதும் எளிது. ஆனால் நல்ல நூல்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. அவை தன் சமுதாயத்தின் உள்ளேயும் விளக்கைப் பிடித்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தும் சாதி பார்த்தவர்களைக் காட்டின. கூலி நாளில் கள்ளுக்கடையில் கரைந்த குடும்பங்களைக் காட்டின. பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தபின் வலுப்பெற்ற சுயமரியாதை இயக்கம், கோயில்களின் நடைமுறையையும் நோக்கிக் கேள்வி எழுப்பியது. அக்கேள்விகளால் கோயில்கள் அழியவில்லை. சில வழக்கங்களைத் திருத்திக்கொண்டு நிலைபெற்றன. பாவை, ந. மகேசுவரி, கோமகள் போன்ற பெண் எழுத்தாளர்கள் வந்தபின், குடும்பம் என்னும் சொல்லுக்குப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் பொருள் கூறப்பட்டது.

கெடாவின் பீடோங்கில் வளர்ந்த கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மண்ணில் தனக்கென ஒரு வீடு வேண்டி ஏங்கும் பாட்டி. அதே ஏக்கத்தில் அழியும் தந்தை. ஆங்கிலக் கல்வியால் விடுபட்டு, விடுபட்டதனாலேயே தன் வீட்டாருக்கு அந்நியனாகும் மகன். ஊரைப் பற்றிக்கொண்டவர் உரிமை பெறவில்லை. உரிமை பெற்றவர் ஊரை இழந்தார். இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும்தானா? படித்துப் பட்டம் பெற்றுச் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் பிள்ளைகளைக் கொண்ட ஒவ்வொரு தோட்டத்துத் தாயும் அறிந்த கதை அன்றோ?

ஈண்டு ஒரு வினா எழுகிறது. தன் சமுதாயத்தின் குறையை எழுதுபவன் சமுதாயத்துக்குப் பகைவனா? ஊர்ப் பெயரைக் கெடுக்கிறான் என்று கடிந்து அவனை ஒதுக்குவது பழைய வழக்கம். ஆனால் துரையின் முன் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவரைப் போற்றும் சமுதாயம், தன் பெரியோர் முன் மாற்றுக் கருத்துக் கூறும் இளைஞனை மட்டும் இறங்கி நிற்கச் சொல்லலாகுமா? உரிமை என்பது வெளியாரிடம் கேட்டுப் பெறுவது மட்டுமன்று. உள்ளாருக்கு மனமுவந்து கொடுப்பதும் ஆகும். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்கே பிள்ளை திரும்பி வரும்.

இன்று பால்மரங்கள் அருகிச் செம்பனை பரவிவிட்டது. லயங்கள் வெறிச்சோடின. மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019 சனவரியோடு நின்றது. தோட்டம் என்ற ஊர் கலைந்த பின்னும் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு மக்கள் திரும்புகின்றனர். ஏனெனில் எஞ்சியிருக்கும் ஊர் கோயிலே. அக்கோயில் வழிபாட்டிடமாக இருப்பதோடு நினைவின் கருவூலமாகவும் இருத்தல் தகும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு புத்தக அலமாரி போதும். மேலே குறிப்பிட்ட நூல்கள் அதில் இருக்கட்டும். அருகில் கோடிட்ட ஒரு பெரிய ஏடு இருக்கட்டும். எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் எந்த நிரையில் பால் வெட்டினர், எந்த ஆண்டில் குடியுரிமை பெற்றனர், யாருடன் வந்தனர், யாரை இழந்தனர் என்பனவற்றைப் பேரப்பிள்ளைகள் கேட்டு அதில் எழுதட்டும். இனிப்பானவற்றோடு கசப்பானவற்றையும் எழுதட்டும்; அதைப் படித்து எவரும் முகம் சுளிக்காதிருக்கட்டும். பெரியவர் ஒருவர் மறையும்பொழுது எழுதப்படாத நூல் ஒன்றும் உடன் மறைகிறது. அடுத்த திருவிழா வரை அந்நூல் காத்திருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

அன்னையின் திருவருளால் ஊரும் உரிமையும் ஒருங்கே தழைக்கட்டும்!