நீரும் மறைவும்: சிறுநீர்த் தொற்று குறித்து ஒரு மறுப்பு

  

1. வழக்கு

என்ன சொல்லப்போகிறேன் என்று முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். மாநாட்டுக்கு மாநாடு சண்டை போட்டதுதான். நீர்க்கடுப்பு என்று வரும் பெண்ணுக்கு மாத்திரை எழுதி, "தண்ணி நிறையக் குடிம்மா" என்கிறோம். மறுபடி வந்தால், "சொன்னா கேக்குறதில்ல, விழிப்புணர்வு இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் கட்சி.

2. ஆதனக்கோட்டை

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தி முந்திரிப் பருப்பு வாங்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள். இரும்புச் சட்டியில் கொட்டை கருகி எண்ணெய் கக்கும். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் விரலில் சாம்பல். கொட்டையைப் பிடித்துக் கட்டையால் அளவாக ஒரு தட்டு. பருப்பு முழுசாக வர வேண்டும், உடைந்தால் விலை குறையும். அடுப்பு அனலும் வெயிலும் சேர்ந்து உடம்பு நீரை வியர்வையாக இழுக்கின்றன. பக்கத்திலேயே குடம் இருக்கும். குடிப்பதோ தொண்டை நனைகிற அளவுக்குத்தான். ஏன் என்றால், "குடிச்சா எங்க சார் போறது?" என்பார்கள். முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் அடுத்தவர் வேலி. மறைவுக்கு இருட்ட வேண்டும்.

இதற்கு எதிராக நண்பர்கள் எடுத்துவைப்பது 2018இல் தாமஸ் ஹூட்டன் குழு வெளியிட்ட ஆய்வை. பல்கேரியாவில், தொற்று அடிக்கடி வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேருக்கு அன்றாடம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதல். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று, மற்றவர்களுக்கு 3.2. தண்ணீர்தானே மருந்து என்பார்கள். முடிவுகளை இன்னும் சற்றுக் கீழே படிக்கட்டும்: கூடுதலாகக் குடித்தவர்கள் நாளுக்கு இரண்டு முறைக்குமேல் கூடுதலாகச் சிறுநீர் கழித்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேறும்போதுதானே கிருமியை அடித்துக்கொண்டு போகும்? அந்த இரண்டு முறைக்குத்தான் ஆதனக்கோட்டையில் இடமில்லை. அந்தப் பெண் கணக்குப் போட்டுத்தான் குடத்தைத் தள்ளி வைக்கிறார். விழிப்புணர்வு முகாம் அந்தக் கணக்கை மாற்றாது; தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை மாற்றும்.

3. வெயில்

வெயிலில் வேலை செய்வோருக்குத் தொற்றோடு சிறுநீரகமும் கவலைதான். ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஆராய்ந்தது. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. நம் மாவட்டக் கல்குவாரிகளிலும் பார்க்க வேண்டும். விரிக்க நேரமில்லை.

4. இனி

நேரம் ஆயிற்றென்று சீட்டு வந்துவிட்டது. இனி கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, புறநோயாளிச் சீட்டில் 'வேலையிடத்தில் கழிப்பறை உண்டா' என்று ஒரு கட்டம். இரண்டு, கழிப்பறை கட்டுமுன்னும் கட்டியபின்னும் தொற்றைக் கணக்கிடும் ஆய்வு. நம் மருத்துவக் கல்லூரி மாணவர்களே செய்யலாம். மூன்று, சிறுநீர்த் தொற்றுக்கு 2025இல் அமெரிக்கா அனுமதித்த ஜெப்போடிடாசின் போன்ற புது மாத்திரைகள். நான்கு, நோயற்ற சிறுநீர்ப்பையிலும் நுண்ணுயிர்கள் வாழ்வது. கடைசி இரண்டையும் அடுத்த ஆண்டு பேசுபவர் எடுத்துக்கொள்ளட்டும். மறுப்பு உள்ளவர்கள் தேநீரின்போது என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.